கேட்கப்படாத ஏழு படிகள்

அலுவலகத்தில் அவருக்குத் தராசு என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அது அவருக்குத் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அரசுக் கட்டடங்களுக்கு ஒப்பந்தக்காரர்கள் கொடுக்கும் விலைகளைப் பிரித்துப் பார்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இன்னாருக்கு வேலையைக் கொடுக்கலாம் என்று மேலே எழுதி அனுப்புவது அவர் உத்தியோகம். முப்பத்து நான்கு வருடம் ஒரே பிரிவு, ஒரே ஜன்னலோரம். பதவி உயர்வு வந்தபோதுகூட நாற்காலிதான் மாறியது, ஜன்னல் மாறவில்லை.

அந்தப் பிரிவுக்கென்று ஒரு முறை இருந்தது. மூன்று பேர் விலை கொடுத்தால் மூன்றும் ஒரே மாதிரி இருக்காது. ஒருவர் தோண்டிய மண்ணை அப்புறப்படுத்தும் கூலியை விட்டிருப்பார். இன்னொருவர் யாரும் கேட்காத வர்ணப் பூச்சைச் சேர்த்திருப்பார். விட்டதைச் சேர்த்து, கேட்காததை அடித்து, மூன்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் கடைசித் தொகையைப் பார்க்கவே வேண்டும். அடித்த வரிக்கு எதிரே சிவப்புப் பென்சிலால் ‘கேட்கப்படவில்லை’ என்று எழுதுவார்கள். அந்த ஒரு சொல்லை அவர் எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை.

அதை வெறும் குமாஸ்தா புத்தி என்று தள்ளிவிடவும் முடியாது. ஒரு முறை பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றுக்கு ஒருவர் மிகக் குறைந்த விலை கொடுத்திருந்தார். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். கான்கிரீட் இறுகும்வரை தாங்கிப் பிடிக்கும் பலகைகளுக்கும் முட்டுகளுக்கும் அந்த மனிதர் காசே போடவில்லை என்பதைத் தராசுதான் கண்டுபிடித்தார். தலைமையாசிரியர் அறைக்குச் சலவைக்கல் போட்டுத் தருவதாக இன்னொருவர் ஆசை காட்டியிருந்தார். அதையும் அடித்தார். பள்ளிக்கூடம் இன்றும் விரிசலில்லாமல் நிற்கிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்.

தொல்லை என்னவென்றால், அலுவலகத்துத் தராசு சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அலுவலகத்திலேயே தங்கிவிடாமல் அவரோடு வீட்டுக்கும் வந்துவிடும். குடை வாங்குவதானாலும் மூன்று கடை. கைப்பிடி மரமா பிளாஸ்டிக்கா, கம்பி எட்டா பத்தா, மடக்கும் பொத்தானுக்குத் தனியாகக் காசு பிடிக்கிறார்களா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டு முடிப்பதற்குள் அந்த வருட மழையே முடிந்துபோனது.

“பரவால்ல, அடுத்த மழைக்கு இப்பவே ஆரம்பிச்சுடுங்க” என்றாள் மனைவி.

அவளுக்கு வாய் அப்படி. கல்யாணமான புதிதில், “என்னையும் மூணு பேரைப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணீங்களா?” என்று கேட்டாள். “இல்லையே, ரெண்டு பேர்தான்” என்று உண்மையைச் சொல்லி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். முப்பத்தாறு வருடமாக அந்த இன்னொருத்தியைச் சொல்லிக் காட்டாமல் அவள் ஒரு வாரம் தள்ளியதில்லை. அவர் சட்டைப் பித்தான் அறுந்தால்கூட, “அவளா இருந்தா தச்சுக் குடுத்திருப்பா” என்பாள்.

அவள் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை பார்த்தவள். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன அறைகள். கத்தையை இடது கையில் அணைத்துக்கொண்டு, விலாசத்தைப் பார்த்த மாத்திரத்தில் வலது கையால் அந்தந்த அறைக்குள் வீச வேண்டும். உட்கார்ந்தால் மேல்வரிசை எட்டாது. இருபத்தெட்டு வருடம் நின்றாள். “உங்களுக்கு உக்காரச் சம்பளம், எனக்கு நிக்கச் சம்பளம்” என்பாள். இத்தனை நின்றும் கால் வலி என்று ஒரு நாள் லீவு போட்டதில்லை. அதில் அவளுக்கு ரொம்பவும் இறுமாப்பு.

அவரைத் தொடர்ந்து அவளும் ஓய்வு பெற்ற மறு வருடம், ஒரு நாள் கடைக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வந்து வாசலில் நின்றாள். இன்னொன்று எப்போது கழன்றது, எங்கே விழுந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்றாவது முறை அப்படி வந்து நின்றபோது யாரும் சிரிக்கவில்லை.

நரம்பு டாக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார், ஊசியால் பாதத்தைக் குத்திக் குத்திக் கேட்டார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். “காலுக்குப் போற நரம்பு கொஞ்சம் கொஞ்சமா வேலையை நிறுத்துது. போன பலம் திரும்பி வராது, அதை இப்பவே சொல்லிடறேன். ஆனா இருக்கற பலத்தைப் பிடிச்சு வச்சுக்கலாம். தினமும் நெஞ்சளவு தண்ணிக்குள்ள அரை மணி நேரம் நடக்கணும். தரையில நடந்தா விழுவாங்க. தண்ணி தாங்கும்.”

“எவ்வளவு நாளைக்குப் பிடிச்சு வைக்கலாம் டாக்டர்?” என்று தராசு கேட்டார்.

“ஒழுங்கா செஞ்சா சில வருஷம் நடமாடலாம். செய்யலன்னா ஒரு வருஷம்கூட நான் சொல்ல மாட்டேன்.”

முதலில் ஊர்ப் பொது நீச்சல் குளத்துக்குத்தான் போனார்கள். நான்காம் நாள் உடை மாற்றும் அறைக்கு வெளியே ஈரத் தரையில் வழுக்கி மல்லாக்க விழுந்தாள். முன்பின் தெரியாத நான்கு ஆண்கள் தூக்கி நிறுத்தினார்கள். உடம்போடு ஒட்டிய ஈர உடையும், சுற்றிலும் வேடிக்கை பார்த்த கண்களும் அவளுக்கு அடியைவிட அதிகமாக வலித்தன. “இனிமே அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான்.

அப்போதுதான் அவருக்குக் கொல்லைப்புறம் கண்ணில் பட்டது. ஒரு துணிக்கொடி, ஓர் எலுமிச்சை மரம், மற்றபடி சும்மா கிடக்கிற இடம். ஓய்வுக்காலப் பணத்தில் பெரும்பகுதியை எடுத்து அங்கே ஒரு குளம் கட்டுவது என்று முடிவு செய்தார். இந்த முடிவை மட்டும் ஒரே நாளில் எடுத்தார். யாரையும் கேட்கவில்லை.

“அப்பா, நீச்சல் குளம் எல்லாம் சினிமாக்காரங்க வீட்டுலதான் இருக்கும்” என்றாள் போனில் மகள். அடுத்த ஊரில் குடும்பமும் வேலையுமாக இருப்பவள்.

“உங்கம்மாவுக்கு அவங்களைவிட என்ன குறைச்சல்?” என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சந்தோஷம் வந்தால் அவள் அப்படித்தான் திருப்பிக்கொள்வாள்.

அவர் இரண்டு பக்கத்தில் தேவைப் பட்டியல் ஒன்று எழுதினார். நீளம் இருபதடி, அகலம் பத்தடி, தண்ணீர் நாலடி. சொரசொரப்பான தரை, தண்ணீரைச் சுத்தம் செய்யும் பம்ப், இரும்புக் கைப்பிடியோடு ஏறி இறங்க ஓர் ஏணி. கையெழுத்து மணிமணியாக இருந்தது. மூன்று பிரதி எடுத்து மூன்று பேருக்கு அனுப்பினார்.

முதலில் வந்தவன் பெரிய கம்பெனிக்காரன். கொல்லைப்புறத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, கையிலிருந்த கண்ணாடிப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டி, அங்கே ஏற்கெனவே நீலத் தண்ணீர் அலையடிப்பதைப் போலக் காட்டினான். எலுமிச்சை மரம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தாள். “இவ கொட்டேஷன்ல உண்டா, தனியா?” என்று கேட்டாள் மனைவி. அவன் வெட்கப்பட்டுக்கொண்டே போனான்.

இரண்டாவது ஆளுக்கு வாழ்நாளெல்லாம் தண்ணீர்த் தொட்டி கட்டுவதே தொழில். கணவன் மனைவி பேச்சில் அவர் தொட்டிக்காரர் ஆகிவிட்டார். “குளம்னா என்ன சார், மூடி இல்லாத தொட்டி” என்றார். கடப்பாரையால் நாலு இடத்தில் குத்தி மண்ணைப் பார்த்தார், பழைய ரசீதின் பின்பக்கத்தில் விலையை எழுதிக் கொடுத்தார்.

மூன்றாவதாக ஒரு பெண் இன்ஜினியர் ஸ்கூட்டரில் வந்தாள். நாற்பது வயது இருக்கும். இடத்தை அளந்து முடித்ததும் போய்விடாமல் மனைவி பக்கம் திரும்பி, “அம்மா, அந்தக் கொடி வரைக்கும் ஒரு தடவை நடந்துட்டு வர்றீங்களா?” என்று கேட்டாள். மனைவி நடந்து போய்த் திரும்பி வந்தாள். இன்ஜினியரம்மா அவளுடைய பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை நடக்கச் சொன்னாள். குளம் கட்ட வந்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று தராசுக்கு லேசாக எரிச்சல் வந்தது.

அவள் அனுப்பிய விலை மற்ற இரண்டையும்விட எக்கச்சக்கமாக இருந்தது. காரணம் பதினோராவது வரி. ஏணிக்குப் பதிலாகக் குறுக்குச் சுவரை ஒட்டி ஏழு படிகள். ஒவ்வொன்றும் அரையடி உயரம், ஆள் உட்காரும் அகலம், இரண்டு பக்கமும் கம்பி. அவர் பட்டியலில் படி என்று ஒரு பேச்சே இல்லை. கை தானாகச் சிவப்புப் பென்சிலை எடுத்தது. படிகளை அடித்து, எதிரே அந்தப் பழைய சொல்லை எழுதி, திருத்திய விலை தரும்படி கடிதம் போட்டார்.

இன்ஜினியரம்மா போன் செய்தாள். “சார், நீங்க படி கேக்கலன்னு எனக்குத் தெரியும். அம்மா நடக்கறதைப் பாத்துட்டுத்தான் போட்டேன்.”

“ஏணி ஏறுவாம்மா அவ. போன வாரம்கூடப் பரண்லேருந்து பெட்டியை இறக்கினா.”

“இன்னைக்கு ஏறுவாங்க சார். நான் அடுத்த வருஷத்துக்குப் போட்டிருக்கேன்.”

“அடுத்த வருஷத்தை எல்லாம் கொட்டேஷன்ல சேக்க முடியாதும்மா. மத்த ரெண்டு பேரும் ஏணிதான் குடுத்திருக்காங்க. ஒரே மட்டத்துல வச்சாத்தானே ஒப்பிட முடியும்?”

“சரி சார், எடுத்துட்டு அனுப்பறேன்” என்றாள்.

சாப்பிடும்போது மனைவியே பேச்சை எடுத்தாள். “அந்தப் பொண்ணு ஏதோ படி போட்டிருந்தாளாமே. அது நல்லாருக்கும் இல்ல?”

“ஏன், ஏணி ஏற மாட்டியா நீ?”

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். அவளுக்கோ அது சுருக்கென்று தைத்துவிட்டது. கை கழுவக்கூட இல்லை, எழுந்து போய்ச் சமையலறையிலிருந்த இரண்டு தட்டு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறி மேலே நின்று, “போதுமா? இல்ல, கூரை மேலயும் ஏறிக் காட்டணுமா?” என்றாள். இறங்கும்போது அலமாரியைப் பிடித்துக்கொண்டதை இரண்டு பேருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரைப் பொறுத்தவரை சோதனை நடந்தாயிற்று, முடிவும் சரியாக வந்துவிட்டது.

இதற்குப் பிறகாவது வேலையை யாருக்காவது கொடுத்திருக்கலாம். எங்கே கொடுத்தார்! மூன்று பம்பும் மூன்று திறன். ஒருவர் தரையில் பதிக்கும் ஓட்டின் விலையில் ஒட்டும் பசையைச் சேர்த்திருக்கிறார், ஒருவர் சேர்க்கவில்லை. தோண்டிய மண்ணை லாரியில் ஏற்றுவது வரைக்கும்தான் ஒருவர் பொறுப்பு, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதைப் பற்றிப் பேச்சில்லை. ஒவ்வொன்றுக்கும் கடிதம், அதற்குப் பதில், பதிலில் ஒரு சந்தேகம், அதற்கு இன்னொரு கடிதம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். சாப்பாட்டு மேஜையில் பாதி கோப்புக்குப் போய்விட்டது, மீதிப் பாதியில் சாப்பிட்டார்கள்.

மூன்றாவது மாதம் கம்பெனிக்காரன் கழன்றுகொண்டான். “தப்பா நினைக்காதீங்க சார். நீங்க வீட்டுக்குக் கட்டறீங்களா, டிபார்ட்மெண்டுக்குக் கட்டறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தான். மூன்று இருந்த இடத்தில் இரண்டுதான் இருக்கிறது என்று தராசு மூன்றாவதாக ஒருவரைத் தேடப் புறப்பட்டார். அதில் இன்னும் ஒரு மாதம் போயிற்று, ஆளும் கிடைக்கவில்லை.

அவரைத் திட்ட வேண்டும்போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாலு மாதமும் அவர் அவளுக்காகத்தான் உழைத்தார் என்பதும் பொய்யில்லை. ஓட்டைக் குளத்தில், வழுக்குத் தரையில் அவள் கால் வைத்துவிடக் கூடாது, ஒரு காசு ஏமாந்தாலும் அது அவள் வைத்தியத்துக்கு உதவாமல் போகும், இதுதான் மனசில். அன்பு காட்ட அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

கடைசியில் படிகளை எடுத்துவிட்ட இன்ஜினியரம்மாவின் விலையைவிடக் கொஞ்சம் குறைவாகக் கேட்ட தொட்டிக்காரருக்கே வேலை போனது. அந்த மனிதரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொன்ன கம்பியைப் போட்டார், சொன்ன சிமெண்டைக் கொட்டினார். தராசு தினமும் காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு குழியோரத்தில் போய் நின்றார். கம்பிக்குக் கம்பி இடைவெளியை அளந்தார். ஓய்வு பெற்ற பிறகு அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

வீட்டுக்குள்ளே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அவள் எலுமிச்சை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போவதை நிறுத்தியிருந்தாள். குழி வெட்டியிருப்பதால் என்று அவர் நினைத்துக்கொண்டார். கடைக்குப் போவதில்லை. வெயில் என்றாள். கூடத்துச் சுவரில், படுக்கையறையிலிருந்து சமையலறை வரைக்கும், இடுப்பு உயரத்தில் ஒரு அழுக்குக் கோடு விழுந்திருந்தது. அதை அவர் பார்க்கத்தான் செய்தார். பார்த்துவிட்டு, “குளம் முடிஞ்சதும் வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சுடலாம். நாலு பேர்கிட்ட விலை கேக்கணும்” என்றார். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்த கையின் கோடு அது என்று அவருக்கு உறைக்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஸ்டூல் மேல் ஏறி நின்று காட்டியவள் எப்படிச் சொல்வாள்?

குளம் நிறைந்த அன்று வானம் வெளுப்பாக இருந்தது. மூன்று நாள் தண்ணீர் விட்டும் ஒரு சொட்டுக் கசிவில்லை. தொட்டிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விடைபெற்றார். சாயங்காலம் நாலு மணிக்கு, முழங்கை வரைக்கும் மூடுகிற மாதிரி தானே தைத்துக்கொண்ட குளியல் உடையில் அவள் வெளியே வந்தாள். பின்வாசல் கதவிலிருந்து ஏணி வரை பன்னிரண்டு அடி. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்தப் பிடியின் கனம் அவருக்குப் புதிதாக இருந்தது.

ஏணியின் இரண்டு கம்பிகளையும் பற்றிக்கொண்டு திரும்பி நின்று வலது காலைப் பின்னால் விட்டாள். கால் தண்ணீருக்குள் துழாவியது. முதல் தட்டு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. தட்டில் பட்டது, பட்டதும் அவளுக்குத் தெரியவில்லை, நழுவியது. மேலே இழுத்துக்கொண்டு மறுபடி விட்டாள்.

“மெதுவா, மெதுவா. இன்னும் ஒரு நாலு அங்குலம் கீழ” என்றார் அவர்.

மூன்றாவது முறை முழங்கால் மடிந்து, கம்பியில் மார்பு இடித்து, அப்படியே நின்றாள். அவர் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தாங்கினார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்துவிட்டு, “இன்னைக்கு வேணாங்க. தண்ணி ரொம்பக் குளிரா இருக்கு” என்றாள்.

அவளை உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு அவர் திரும்பி வந்தார். குனிந்து தண்ணீரில் கையை விட்டார். நாள் முழுக்க வெயில் குடித்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

மறுநாள் தலைவலி என்றாள். அதற்கு மறுநாள் பக்கத்து மாடியில் யாரோ துணி காயப்போடுகிறார்கள் என்றாள். அவர் எதையும் மறுக்கவில்லை. நாலாம் நாள் அவள் தூங்கும்போது கோப்பை எடுத்துப் பதினோராவது வரியைப் பார்த்தார். ஏழு படிகள் மேல் நேராக, ஸ்கேல் வைத்து அடித்த கோடு. எதிரே தன் கையெழுத்து. அந்த அழகான எழுத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அவமானமாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

இன்ஜினியரம்மாவின் அலுவலகம் ஒரு இரும்புக்கடையின் மாடியில் இருந்தது. அவர் போய் நின்றதும் அவள் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

“படி கட்டணும்மா” என்றார்.

“கட்டலாம் சார். தண்ணியை இறக்கி, அந்தச் சுவர்ப் பக்கம் உடைச்சு, கசியாம மறுபடி பூசி, காய விடணும். எவ்வளவு வேகமா ஓட்டினாலும் ஏழு வாரம் ஆகும். அம்மா இப்ப எப்படி நடக்கறாங்க?”

“சுவரைப் பிடிச்சுக்கிட்டு.”

“பிடிக்காம எத்தனை அடி வைப்பாங்க?”

குளத்துத் தரையில் எத்தனை கம்பி, எத்தனை அங்குலத்துக்கு ஒன்று, எந்தக் கம்பி எத்தனை கனம் என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். இதை மட்டும் அவர் எண்ணியதே இல்லை. மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மேற்கொண்டு கேட்காமல் தாளை எடுத்து வரையத் தொடங்கினாள்.

ஏழு வாரம் எட்டானது. ஐந்தாவது வாரம் வீட்டுக்குச் சக்கர நாற்காலி வந்தது. ஆறாவது வாரம் டாக்டர் முழங்காலைத் தட்டினார், கால் சும்மா தொங்கியது. “இப்ப நடக்கப் பழக்கறதுக்கு ஒன்னும் இல்ல. ஆனாலும் தண்ணில இறக்குங்க, உடம்புக்கு ஆறுதலா இருக்கும்” என்று மட்டும் சொன்னார். அதை அவர் தராசிடம் தாழ்வாரத்தில் வைத்துத்தான் சொன்னார். உள்ளே உட்கார்ந்திருந்தவளிடம் தராசு சொல்லவில்லை. அவளும் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

படிகள் முடிந்ததும் மகள் வந்தாள். இன்ஜினியரம்மாவும் வந்தாள். வர வேண்டும் என்று அவளுக்கு ஒன்றுமில்லை, வந்தாள். மனைவியைச் சக்கர நாற்காலியிலிருந்து மேல்படியில் உட்காரவைத்தார்கள். அங்கிருந்து அவளே கைகளை ஊன்றி, குழந்தை மாடியிலிருந்து இறங்குவதுபோல, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். படிகள் மிக நன்றாக இருந்தன. எங்கேயும் வழுக்கவில்லை, கம்பி சரியாகக் கைக்கு எட்டியது. ஏழாவது படிக்குக் கீழே தராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் நின்றிருந்தார்.

அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக ஓரடி வைத்தார். அவள் எடையே இல்லாமல் கூட வந்தாள். முகம் விரிந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் நேராக நின்று அவர் பார்க்கிறார்.

“என்னங்க, கால் தரையில படுதா? எனக்கு ஒன்னும் தெரியல. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

அவர் குனிந்து பார்த்தார். தண்ணீர் அப்படியொரு தெளிவாக இருந்தது. நீல ஓட்டின் கோடுகள்கூடத் தெரிந்தன. அவள் கால்கள் இரண்டும் சேர்ந்தாற்போலப் பின்னால் சாய்ந்து, விரல் நுனி மட்டும் ஓட்டில் உரசிக்கொண்டு, இழுத்த இழுப்புக்கு வந்தன.

“படுது” என்றார்.

“நடக்குதா?”

முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு தப்பான எண்ணுக்கு அவர் கையெழுத்துப் போட்டதில்லை.

“நடக்குதே. இப்பதான் வலது வச்சே.”

அவள் கீழே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தாடையில் வழிந்த தண்ணீரைத் துடைக்கப்போவதுபோல ஒரு கையை எடுத்தாள், பிறகு மறுபடி அவர் கையையே பிடித்துக்கொண்டாள்.

“அப்ப அந்தக் கோடி வரைக்கும் போகலாம். நீங்க சொல்லிக்கிட்டே வாங்க” என்றாள்.

அவர் பின்பக்கமாக நடந்தார்.

“இடது” என்றார். “இப்ப வலது.”